எழுத்தர் எழுதியதைத் திருத்தாதீர்கள்

பழைய கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கும் தன்னார்வலர்களுக்கு,

வணக்கம். மங்கிய மை, கிறுக்கலான பிரெஞ்சுக் கையெழுத்து, கூலி கிடையாது. நீங்கள் செய்வது லேசான வேலை இல்லை. ஆனாலும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

கரீபியன் கடலில் பிரெஞ்சுக்காரர்களிடம் உள்ள குவாதலூப் தீவுக்குக் கூலிவேலைக்குப் போன நம்மவர்களின் பட்டியல் ஒன்றைத் தட்டச்சுப் பிரதியாகப் பார்த்தேன். முத்துசாமி, ராமசாமி, வீரப்பன் என்று ஒரு பிசிறு இல்லாத தமிழ்ப் பெயர்கள். கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 1850களின் பிரெஞ்சு எழுத்தர் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

1848இல் அடிமை முறை ஒழிந்ததும் அங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் போதவில்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளைப் பிடித்தார்கள். சலங்குப் படகில் அலையைத் தாண்டி, தள்ளி நின்ற பாய்மரக் கப்பலில் ஏற்றி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம். முதல் கப்பலான ஒரேலி, 1854 டிசம்பர் 24 அன்று 344 பேருடன் அங்கே போய்ச் சேர்ந்தது. 1889 வரை போனவர்கள் 42,000க்கும் மேல்.

பெயர் என்ன என்று கேட்டால் நம் ஆள் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்வார். எழுத்தர் தன் காதில் விழுந்ததை எழுதிக்கொள்வார். முத்துசாமி மூட்டூசாமி ஆனார். பிள்ளைக்கு ஒரு கிறிஸ்தவப் பெயர் வைத்ததும், அப்பா பெயர் பின்னால் போய்க் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. இங்கே முன்னால் நிற்கும் இனிஷியல் அங்கே வால்! பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த எர்னஸ்ட் மூட்டூசாமியின் பெயர் அப்படி வந்ததுதான். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கேட்டு 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஆன்றி சிடம்பரோமை நாம் சிதம்பரம் என்று திருத்தினால், அது வேறு யாரோ.

இன்று அங்கே ஒரு பேத்தி தன் குடும்பப் பெயரை, அடையாள அட்டையில் இருக்கிறபடியேதான் தட்டித் தேடுவாள். உங்கள் பட்டியலில் நல்ல தமிழில் ராமசாமி என்று இருந்தால் அவளுக்கு ஒன்றும் கிடைக்காது. அவளுக்குத் தமிழ் தெரியாது. மாரியம்மனை மாலியெமேன் என்பார்கள், குழம்பைக் கொலொம்போ என்பார்கள். அந்தப் பேச்சையும் திருத்தப் போகிறோமா என்ன?

அதனால் மூலத்தில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அட்டவணையின் ஒரு பத்தியில் வையுங்கள். 'இது முத்துசாமியாக இருக்கலாம்' என்ற உங்கள் ஊகத்தை எழுத அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்கள். அதை எழுத நம்மைவிட்டால் ஆள் இல்லை, விட்டுவிடாதீர்கள். புரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போதும். அப்புறம், பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பதிவு எண்ணை எக்காரணம் கொண்டும் தூக்காதீர்கள். ஒரே பட்டியலில் நாலு ராமசாமி இருந்தால் ஆளைப் பிரித்துக் காட்ட அதுதான் உண்டு.

ஊர்ப் பெயருக்கும் இதே கதைதான். பிரெஞ்சுக்காரர்கள் கிராந்த் ஆல்தே என்று எழுதியது நம் திருமலைராயன்பட்டினம். இப்படிக் காரைக்கால் பக்கத்து ஊர் எதிலாவது தடுமாறினால் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். நான் காரைக்கால்காரன், உட்கார்ந்து படித்துத் தருகிறேன்.

அன்புடன்,
காரைக்கால் வாசகன்