சியாங்கின் பெயரைச் சொல்லிப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்: குவோமின்டாங் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

தைவானைப் பல பத்தாண்டுகள் ஆண்ட குவோமின்டாங் கட்சியின் தலைமைக்கு வணக்கம்.

தைவானுக்குப் படிக்க வந்து, வேலையும் இங்கேயே அமைந்துவிட்ட தமிழர்களில் நானும் ஒருவன். எனக்கு இங்கே ஓட்டு கிடையாது. ஆனாலும் இந்தத் தீவின் வரலாற்றைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒவ்வொரு பிப்ரவரி 28 அன்றும் உங்கள் தலைவர்கள் அஞ்சலி செலுத்துகிறார்கள். 1947-இல் கள்ளச் சிகரெட் விற்ற ஒரு விதவையைப் புகையிலைத் துறை ஆட்கள் அடித்ததில் மூண்ட கலகம், தீவு முழுக்கப் பரவியது. அதை அடக்க, அப்போது உங்கள் கட்சி ஆண்ட சீனாவிலிருந்து படை வந்தது. 18,000 முதல் 28,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று 1992-இல் வெளியான அரசின் அறிக்கையே சொல்கிறது. 1995-இல் அதிபர் லீ டெங்ஹுய் மன்னிப்புக் கேட்டார். அப்போது அவர் உங்கள் கட்சித் தலைவர். பின்னால் உங்கள் கட்சியின் இன்னொரு தலைவரான மா யிங் ஜியூவும் கேட்டார். இவை சிறிய விஷயங்கள் அல்ல.

ஆனால் பேச்சு, அன்று உங்கள் கட்சிக்கும் சீன அரசுக்கும் தலைவராக இருந்து, பின்னர் தைவானை ஆண்ட சியாங் கை ஷேக்கிடம் வந்ததும் உங்கள் குரல் இறங்கிவிடுகிறது. நல்லதும் செய்தார், தவறும் செய்தார் என்று சொல்லிக் கடந்துவிடுகிறீர்கள். ஏப்ரல் வந்தால் சீஹுவில் உள்ள அவர் கல்லறைக்கு மலர் போகிறது.

படையை அனுப்பியவர் அவர். 1949 மே மாதம் தொடங்கிய இராணுவச் சட்ட ஆட்சி 1987 ஜூலை வரை நீடித்தது. அந்த ஆட்சியில் அரசியல் வழக்குகளின் கோப்புகள் அவர் மேசைக்குப் போயின. சிறைத்தண்டனை போதும் என்று இராணுவ நீதிமன்றம் முடிவுசெய்த சில வழக்குகளில், மரண தண்டனை கொடு என்று அவரே கைப்பட எழுதியிருக்கிறார். கீழே இருந்த அதிகாரிகளின் அத்துமீறல் என்று இதை எப்படி ஒதுக்குவது?

1953-இல் சுட்டுக்கொல்லப்பட்ட ஒரு பல் மருத்துவர், சாவதற்கு முன் மனைவி மக்களுக்குக் கடிதங்கள் எழுதினார். அவர் கைதானபோது தாயின் வயிற்றில் இருந்த, அவர் முகமே பார்த்திராத மகளுக்கும் ஒன்று. அவற்றை வீட்டுக்கு அனுப்பாமல் கோப்பில் போட்டு வைத்துக்கொண்டார்கள். குடும்பத்தின் கைக்கு அசல் கடிதங்கள் கிடைத்தது 2011-இல். அந்த மகள் அப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் கையெழுத்தைக்கூட ஒரு குழந்தைக்குக் கொடுக்காத ஆட்சி அது. அதன் தலைமையில் இருந்தவரை எந்தத் தராசில் வைத்து நல்லது கெட்டது பார்க்கிறீர்கள்?

சியாங் கை ஷேக்கின் மகன் சியாங் சிங்குவோ அதிபராக இருந்தபோது இராணுவச் சட்டத்தை நீக்கினார். அதைப் பெருமையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 1986 செப்டம்பர் 28 அன்று, புதுக் கட்சிகளுக்குத் தடை இருக்கும்போதே, தைபேயின் கிராண்ட் ஹோட்டலில் கூடி ஜனநாயக முற்போக்குக் கட்சியைத் தொடங்கியவர்களை அவர் சிறையில் தள்ளவில்லை, சரி. ஆனால் தள்ளக்கூடும் என்று தெரிந்தேதான் அவர்கள் அந்தக் கூட்டத்துக்குப் போனார்கள்.

அந்தக் கட்சி மீதும் எனக்கு வருத்தம் உண்டு. ஆட்சியில் இருந்தபோது, 2007-இல், தைபேயில் உள்ள சியாங் நினைவு மண்டபத்துக்கு வேறு பெயர் வைத்தார்கள். 2009-இல் உங்கள் ஆட்சி பழைய பெயரைக் கொண்டுவந்தது. மறுபடி ஆட்சிக்கு வந்த அவர்கள், 2024 ஜூலையில், மண்டபத்தில் சியாங் சிலைக்கு முன்னால் நின்ற மரியாதைக் காவலரை வெளியே அனுப்பினார்கள். சியாங்கின் வயதைக் குறிக்கும் 89 படிகளுக்கு மேலே வெண்கலச் சியாங் இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் சிலையை என்ன செய்வது என்ற சண்டையில் ஒளிந்துகொண்டு நீங்கள் இதைத் தள்ளிப்போட முடியாது. சிலை இருந்தாலும் போனாலும், பொறுப்பை ஏற்கவேண்டியது உங்கள் கட்சிதான்.

அடக்குமுறைக் காலத்து ஆவணங்களைத் திரட்ட 2019-இல் வந்த அரசியல் ஆவணச் சட்டத்தின்படி தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டிய தாள் ஒன்றுகூட உங்கள் கட்சியிடம் தங்கக்கூடாது. அப்புறம், அடுத்த முறை சீஹுவுக்குப் போகும் உங்கள் தலைவர், தைபே ஆற்றங்கரையில் அரசியல் கைதிகள் சுடப்பட்ட மாச்சாங்டிங் திடலுக்கும் போகட்டும். உயிரோடிருக்கும் குடும்பத்தினரை அழைத்து, இந்தக் கொலைகளுக்கு முதல் பொறுப்பு சியாங் கை ஷேக்குடையது என்று அங்கே நின்று சொல்லட்டும். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு எண்பது வயதாகிறது. இதை இந்த ஆண்டே செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஷின்ச்சு நகரில் வாழும் ஒரு தமிழன்