வசாய்க் கோட்டையும் எங்கள் வீட்டுக் கல்யாணமும்

மும்பை

அன்புள்ள சீனு,

இங்கே எல்லாரும் நலம். உன் மூட்டுவலி எப்படி என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நான்கு பக்கம் எழுதுவாய். ரம்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தை மாதம், மாட்டுங்காவில். நல்ல பையன், நன்றாகச் சமைப்பான். பத்திரிகை பின்னால் வரும்.

எழுத உட்கார்ந்தது இதற்காக மட்டுமில்லை. இப்போதெல்லாம் தாலி கட்டுவதற்கு முன்பே ஜோடியாகப் போட்டோ எடுக்கிறார்கள், தெரியுமோ? அதற்காக மும்பைக்கு வடக்கே இருக்கிற வசாய்க் கோட்டைக்குப் போனோம். எனக்குப் பை தூக்கும் உத்தியோகம். 'கோட்டைன்னா செஞ்சிடா, மத்ததெல்லாம் காம்பவுண்டு சுவர்' என்பாயே, அந்த வாயோடு இங்கே வா. மதிலுக்குள்ளே ஓர் ஊரே இருந்திருக்கிறது. கடல் பக்கம் ஒரு வாசல், தரைப் பக்கம் ஒரு வாசல், நடுவில் தேவாலயங்கள், மடங்கள், வீடுகள். கூரை ஒன்றுக்கும் இல்லை. மதிலுக்கு வெளியே கோலி மீனவர்கள் பொம்பில் மீனைக் காயப்போட்டிருக்கிறார்கள். வாசனை எதிர்க்காற்றிலும் வருகிறது.

குஜராத் சுல்தான் பகதூர் ஷா 1534இல் போர்த்துகீசியருக்கு விட்டுக்கொடுத்த இடம் இது. மும்பைத் தீவுகளும் கூடவே போயின. அவற்றைத்தான் 1661இல் தங்கள் இளவரசி கேதரினுக்குச் சீதனமாக இங்கிலாந்து ராஜாவிடம் தாரைவார்த்தார்கள். சம்பந்தி வீட்டார் எதுவும் கேட்கவில்லை என்று உன் தங்கை பூரித்துக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். முறைத்தாள்.

பிரான்சிஸ்கன் தேவாலயத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள். ஒரு கல்லில் குலச்சின்னம் புடைத்துத் தெரிகிறது. கீழே போர்த்துகீசிய எழுத்து, பாதி தேய்ந்துவிட்டது. அதன்மேல் வண்ணப்புகைக் குப்பியைப் பற்றவைத்துவிட்டு, 'லெஹங்காவைச் சுத்துங்க மேடம்' என்கிறான் போட்டோக்காரன். கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளப்பா, கீழே ஆள் இருக்கிறார் என்றேன். 'அங்கிள், ஃபிரேம்ல வராது' என்றான். நல்லவேளை, ரம்யாவே நகர்ந்துவிட்டாள். அவனுக்கு அன்று முழுக்க என்மேல் கடுப்பு.

அப்புறம் வீட்டுக்கு வந்தும் அந்த இடம் மனத்தை விட்டுப் போகவில்லை. படிக்க ஆரம்பித்தேன். 1739இல் மராட்டியப் பேஷ்வா பாஜிராவின் தம்பி சிமாஜி அப்பா மதிலுக்கு அடியில் வெடிவைத்துத் தகர்த்து இதைப் பிடித்தார். தோற்றவர்களை ஆயுதங்களோடு மரியாதையாக வெளியேற விட்டார்கள். ஆனால் தேவாலய மணிகளை விடவில்லை. யானை மேல் ஏற்றினார்களோ, மாட்டு வண்டியோ, மணிகள் மராட்டிய தேசத்துக் கோயில்களுக்குப் போய்விட்டன. நாசிக்கில் கோதாவரிக் கரையில் நாரோசங்கர் கோயில் மணி, வாய் என்ற ஊருக்குப் பக்கத்து மேனவலி மணி எல்லாம் வசாயிலிருந்து போனவைதானாம். கிறிஸ்தவர்களைப் பூசைக்குக் கூப்பிட வார்த்த மணி, சிவன் கோயிலில் தொங்குகிறது!

இதைக் கொள்ளை என்பார்கள் சிலர், வெற்றிச் சின்னம் என்பார்கள் சிலர். எனக்கென்னவோ, கோட்டையிலேயே விட்டிருந்தால் எவனாவது எப்போதோ உருக்கிக் காசாக்கியிருப்பான் என்றுதான் படுகிறது. நீ சண்டைக்கு வருவாய், தெரியும். பதில் போடு, ஆனால் நம்ம குண்டு ராஜு மாதிரி பாதியில் அரசியலுக்குத் தாவிவிடாதே.

கல்யாணம் முடிந்த மறுநாள் நாசிக் போகிறோம், நீயும் நானும். உனக்கும் சேர்த்து டிக்கெட் போடப்போகிறேன். மூட்டுவலி என்று நழுவக் கூடாது. கோதாவரிப் படிக்கட்டில் நான் கைபிடித்து இறக்குகிறேன். வரும்போது அந்த எள்ளு மிளகாய்ப்பொடி அரைக் கிலோ. பத்மாவிடம் சொன்னால் போதும், உன்னை நம்பினால் வராது.

அன்புடன்,
கோபாலன்