செயலாளரின் ஆண்டறிக்கை: உபகுழுக்களின் ஓராண்டுப் பணி

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே,

சென்ற பொதுக்கூட்டத்தில் இச்சபை என்னிடம் ஒப்படைத்த பணிகளில் முதன்மையானது, எமது கழகத்தின் உபகுழுக்களை மீள ஒழுங்கமைப்பதாகும். ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதி அதனைப் பற்றியதாகவே அமைகிறது. வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார்.

யாப்பின்படி எமக்கு ஐந்து உபகுழுக்கள் உண்டு. ஆயினும் பல ஆண்டுகளாக ஒவ்வொரு குழுவும் அதன் இணைப்பாளர் ஒருவரின் உழைப்பிலேயே தங்கியிருந்தது. இதன் விளைவை மாரி மழை ஓயாது பெய்த ஓர் இரவில் நேரில் கண்டோம். தாழ்நிலத்தில் தனித்து வாழும் முதியோரின் பெயர்களும் அவர்களது உறவினரின் தொலைபேசி இலக்கங்களும் அனர்த்த முன்னாயத்தக் குழு இணைப்பாளரின் கைத்தொலைபேசியில் மாத்திரமே இருந்தன. அவரோ தொழிலுக்காக வெளிநாடு சென்று சில வாரங்களாகியிருந்தன. தொண்டர்கள் வந்து நின்றார்கள், வாகனமும் இருந்தது, ஆனால் எந்த வீட்டுக்கு முதலில் போவது என்பது எவருக்கும் தெரியவில்லை. கிராம உத்தியோகத்தர் உதவியிராவிட்டால் அன்றிரவு இன்னும் நேரம் வீணாகியிருக்கும். இது அந்த இணைப்பாளரின் குறையன்று. பொறுப்பைக் கையளிக்க ஒரு முறையை வகுக்காதிருந்த நிர்வாகசபையின் குறை. அதில் எனக்கும் பங்குண்டு என்பதை இச்சபையின் முன் பதிவு செய்கிறேன்.

அதன்பின், ஒவ்வொரு உபகுழுவுக்கும் இணைப்பாளர், துணை இணைப்பாளர், பதிவாளர் என மூவரை நியமித்தோம். கூட்டக் குறிப்பு, தொடர்பு விபரம், பெற்ற பொருள், கொடுத்த பொருள் அனைத்தையும் ஒரே கொப்பியில் எழுதி, அதனைக் கழக அலுமாரியில் வைக்க வேண்டும் என்றும் தீர்மானித்தோம். முதலில் சிலர் இதனை வீண் எழுத்துவேலை என்றே கருதினர். ஆனால் ஆண்டின் நடுவில் கல்விக் குழுவின் இணைப்பாளர் இடமாற்றம் பெற்றுச் சென்றபோது, மறுவாரமே மாலை வகுப்புகள் தடையின்றி நடந்தன. அந்தக் கொப்பியின் பயனை அன்றே எல்லோரும் உணர்ந்தனர்.

சுகாதாரக் குழு இவ்வாண்டு செய்த மிகப் பயனுள்ள மாற்றம் இரத்ததான முகாம்களைப் பற்றியது. ஆண்டு விழாவையொட்டி ஒரே நாளில் பெரிய முகாம் நடத்தி, வந்தோரின் தொகையைப் பெருமையுடன் அறிவிப்பது எமது வழக்கமாயிருந்தது. செங்குருதிக் கலங்களை ஏறத்தாழ ஆறு வாரங்கள் வரையும், குருதிச் சிறுதட்டுகளை ஐந்து நாட்கள் அளவிலும் மாத்திரமே சேமிக்க முடியும். ஆகவே ஒரே நாளில் மிகுதியாகச் சேரும் குருதி, ஆண்டின் ஏனைய மாதங்களில் ஏற்படும் தட்டுப்பாட்டைத் தீர்க்காது. தலசீமியா என்னும் பரம்பரைக் குருதிநோயுள்ள பிள்ளைகளுக்கோ சில வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும், குருதி ஏற்ற வேண்டியுள்ளது. அவர்களின் தேவை எமது விழா நாளைப் பார்த்து வருவதில்லை. ஒருவர் மீண்டும் குருதி வழங்க நான்கு மாதங்கள் செல்ல வேண்டும் என்பதால், கொடையாளர்களை மூன்று அணிகளாகப் பிரித்து, இரத்த வங்கியினரிடம் கேட்டறிந்து, சிறிய முகாம்களாக நடத்தத் தொடங்கினோம். கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள எமது அங்கத்தவர்கள் நோன்பு நோற்கும் ரமழான் மாதத்தில் முகாம் வைப்பதைத் தவிர்த்தோம். பதினெட்டு வயதை அண்மையில் எட்டிய இளைஞர் பலர் முதன்முறையாக வந்திருந்தமை எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளித்தது.

டெங்கு ஒழிப்பில் சுகாதாரக் குழுவும் சிரமதானக் குழுவும் இணைந்து பணியாற்றின. 2017 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 186,000 இற்கு மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு உள்ளானதாகப் பதிவாகியது. அவ்வாண்டின் முற்பகுதியில் கிண்ணியா பட்ட துயரத்தை எம்மில் பலர் இன்னும் மறக்கவில்லை. முட்டையிலிருந்து நுளம்பாகப் பறப்பதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரையே செல்வதால், மாதம் ஒருமுறை நடத்தும் சிரமதானத்தால் மட்டும் நுளம்பு குறையாது. எனவே வாரந்தோறும் ஞாயிறு காலை, ஒவ்வொரு ஒழுங்கையிலும் அவ்வவ் வீட்டாரே தத்தம் வளவைத் துப்புரவு செய்ய, எமது தொண்டர்கள் கூடச் சென்று காட்டிக்கொடுக்கும் முறையை ஏற்படுத்தினோம். தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், யோகட் கோப்பை ஆகியவற்றை எல்லோரும் அறிவர். கூரைப் பீலியையும், குளிரூட்டியின் பின்புறத் தட்டையும், குளியலறைச் சீமெந்துத் தொட்டியையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தொட்டி நீரை ஊற்றிவிட்டால் போதும் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருந்து, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியவை. ஆதலால் சுவரைத் தேய்த்துக் கழுவுதல் அவசியம் என்பதைப் பொதுச் சுகாதார பரிசோதகர் விளக்கினார். அதன்பின் எமது தொண்டர்கள் தும்புத் தூரிகையுடனேயே சென்றார்கள்.

அனர்த்த முன்னாயத்தக் குழுவைப் பற்றி மேலே கூறியுள்ளேன். 2004 டிசம்பர் 26 இல் கடல் எடுத்தவர்களின் குடும்பங்கள் வாழும் ஊர் இது. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் எமது திருகோணமலை மாவட்டக் கரையிலேயே நிலத்தைத் தொட்டது. ஆகவே வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், ஐப்பசிக்கு முந்திய மாதத்திலேயே, முதியோர், கர்ப்பிணித் தாய்மார், நடமாட இயலாதோர் ஆகியோரின் பட்டியலைப் புதுப்பித்து, அதன் பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடமும் கையளிக்கும் வழக்கத்தை இவ்வாண்டு தொடங்கினோம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு வீட்டுக் கதவுகளில் ஒட்டினோம்.

முதியோர் நலக் குழு வழமைபோல் இயங்கியது. அதன் பணிக்கு வரும் தொண்டர் தொகை குறைந்துள்ளமையால், ஓய்வுபெற்ற அங்கத்தவர்கள் முன்வருமாறு வேண்டுகிறேன்.

சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்களில் தாகசாந்தி நிலையம் அமைப்பதற்கென ஒரு தற்காலிகக் குழுவை நியமித்தோம். பணி முடிந்ததும் அக்குழு கணக்கை ஒப்படைத்துக் கலைந்தது. குறித்த வேலைக்குக் குறித்த காலத்துக்கே அழைக்கும்போது, நிரந்தரக் குழுவில் சேரத் தயங்குவோரும் மனமுவந்து வருகின்றனர் என்பதை இதில் அறிந்தோம். அங்கு சர்க்கரைத் தண்ணீர் வார்த்த நால்வர் இன்று சிரமதானக் குழுவில் இருக்கின்றனர்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். களத்தில் நிற்போரில் பெரும்பாலோர் பெண்களாயிருந்தும், ஐந்து இணைப்பாளர்களில் ஒருவரேனும் பெண்ணாக இல்லை. கூட்டங்களை இரவு எட்டு மணிக்கு வைப்பதே இதற்கு முக்கிய காரணம் என மாதர் பலர் என்னிடம் கூறினர். அது நியாயமான முறைப்பாடு. ஆகவே உபகுழுக் கூட்டங்களைச் சனிக்கிழமை பிற்பகலுக்கு மாற்றுவதற்கும், இணைப்பாளர் பதவியைத் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒருவரே வகிக்காதிருப்பதற்கும் யாப்பில் திருத்தம் செய்யும் இரு பிரேரணைகளை இச்சபையின் முன் வைக்கிறேன். ஐந்து குழுக்களின் கொப்பிகளும் முன்மேசையில் வைக்கப்பட்டுள்ளன. வாக்களிக்குமுன் அவற்றைப் புரட்டிப் பார்க்குமாறு அங்கத்தவர்களைக் கேட்டு, இவ்வறிக்கையைச் சபையின் ஏற்புக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்,
திருகோணமலை.