அந்த வெள்ளை ஷார்ட்ஸை மாற்றுங்கள்: இளையோர் மகளிர் கூடைப்பந்துப் போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போட்டிக் குழுவினருக்கு,

வணக்கம். நான் ஒரு பெண்கள் அணியின் மேலாளர். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வெளிர் நிற ஜெர்சி போடும் அணி, விருப்பப்பட்டால் அடர் நிற ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று அடுத்த போட்டிக்கான விதியில் எழுதுங்கள். ஏன் கேட்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆடுகிறவர்கள் பதினைந்து, பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள். அவர்களுக்கு மாதவிடாய் வரும்.

போட்டி தொடங்குவதற்கு முந்தைய அணிக் கூட்டத்திலேயே இதைக் கேட்டேன். ஒவ்வோர் அணியின் உடையையும் மேசையில் விரித்துவைத்து நிறம் சரிபார்ப்பீர்களே, அப்போதுதான். வெள்ளை ஜெர்சிக்குக் கருநீல ஷார்ட்ஸ் போடலாமா என்றேன். "இரண்டும் ஒரே நிறமாக இருக்க வேண்டும், விதி அப்படி" என்று பதில் வந்தது. காரணத்தை யாரும் கேட்காததால் நானே சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் தலையைக் குனிந்து தாளைப் பார்த்தார்கள். பிறகு அடுத்த அணியைக் கூப்பிட்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் இந்த மடலை எழுத வைக்கிறது. எந்த ஆண்டு, எந்த ஊர், எந்த அணி என்று எழுத மாட்டேன். அந்தப் பெண்ணை யாரும் தேடிப்பிடிக்கக் கூடாது.

ஆட்ட அட்டவணையில் எங்கள் பெயர் முதலில் இருந்தது. முதலில் பெயர் உள்ள அணி வெளிர் நிறம், கூடுமானவரை வெள்ளை. எங்கள் அணியில் டிஃபென்ஸுக்குப் பேர்போன பெண் ஒருத்தி இருக்கிறாள். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட உட்கார்ந்த நிலையில் பக்கவாட்டில் நகர்வாள். அவளைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது லேசில்லை. மூன்றாவது குவாட்டரில் திடீரென்று அவள் நிமிர்ந்து நின்று ஆட ஆரம்பித்தாள். எதிரணி அவள் பக்கமாகவே புகுந்து புகுந்து போட்டது. "குனி, குனி, உட்கார்ந்து ஆடு" என்று எங்கள் கோச் தொண்டை வறளக் கத்தினார். அவள் குனியவில்லை. ஒரு கை மட்டும் அடிக்கடி பின்னால் போய் ஜெர்சியின் ஓரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. ஜெர்சியை ஷார்ட்ஸுக்குள் செருகித்தான் ஆட வேண்டும் என்பது விதி. வெளியே எடுத்துத் தொங்கவிட்டு மறைத்துக்கொள்ளவும் வழியில்லை. அவள் இழுக்க, நடுவர் ஒருமுறை அருகில் வந்து உள்ளே செருகச் சொல்லிச் சைகை காட்டினார். அவர் தம் வேலையைச் செய்தார், அவரைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் என்ன செய்ய முடியும்? டைம் அவுட் கேட்கும் உரிமை தலைமைக் கோச்சுக்கும் உதவிக் கோச்சுகளில் முதலாமவருக்கும் மட்டும்தான். ஆட்டக்காரரை மாற்ற வேண்டுமானால், உள்ளே போகவேண்டிய மாற்று ஆட்டக்காரர் தானே ஸ்கோரர் மேசைக்குப் போய்க் கேட்க வேண்டும். கேட்டாலும் பந்து நின்று கடிகாரம் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். களத்தில் நிற்கிற பெண் தானாக "நான் வெளியே போகிறேன்" என்று கையைத் தூக்க முடியாது. காயம்பட்டு இரத்தம் கசிந்தால் அவரை மாற்றியே ஆக வேண்டும், கட்டுப் போட்ட பிறகே திரும்ப விட வேண்டும் என்று விதிப்புத்தகம் விவரமாகச் சொல்கிறது. இந்த இரத்தத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

கோச்சின் காதில் சொன்னேன். இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன், பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அதற்குள் எதிரணியின் ஃபவுலால் அவளுக்கு ஃப்ரீ த்ரோ கிடைத்து, அந்தக் கோட்டில் போய் நின்றுவிட்டாள். கூடைப்பந்தில் ஓர் ஆட்டக்காரர் தனியாக நிற்கிற ஒரே இடம் அதுதான். மற்றவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்பார்கள், அரங்கத்தின் கண் முழுக்க அந்த ஒருத்தி மேல் இருக்கும். பின்னால் பாதி அரங்கம், முன்னால் கூடைக்கு அடியில் கேமரா வைத்திருக்கும் புகைப்படக்காரர்கள். எறிய ஐந்து விநாடி அவகாசம். கால்களை ஒட்டி வைத்து, உடம்பை இறுக்கிக்கொண்டு எறிந்தாள். இரண்டும் விழவில்லை. வெளியே வந்ததும் ஒரு தோழி டிராக் சூட் சட்டையை அவள் இடுப்பில் கட்டிவிட்டாள். அந்த ஆட்டத்தில் அவள் மறுபடி இறங்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் இறக்கலாமா என்று கோச் கேட்டபோது, "நமக்கு அடர் நிறமா, வெள்ளையா?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

பல ஆண்டுகள் விடிகாலையில் எழுந்து பயிற்சி செய்து உலகப் போட்டி வரை வந்த ஒரு பெண், எதிரணி யார் என்று கேட்கவில்லை. ஷார்ட்ஸ் என்ன நிறம் என்று கேட்டாள். தயவுசெய்து இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

இது எப்போதோ ஒருமுறை, யாரோ ஒருத்திக்கு நேர்கிற விபத்து இல்லை. 17 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பையில் 16 அணிகள், அணிக்கு 12 பேர். ஒன்பது நாளில் ஏழு ஆட்டம். இந்த வயதில் மாதவிடாய்ச் சுழற்சி இன்னும் ஒழுங்குக்கு வந்திருக்காது. 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். பயணம், பதற்றம், கடும் பயிற்சி எல்லாம் சேர்ந்தால் தேதியைக் கணிக்கவே முடியாது. 192 பெண்கள் ஒன்பது நாள் ஆடுகிற இடத்தில் ஒவ்வொரு நாளும் யாரோ சிலருக்கு மாதவிடாய் இருக்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஏதோ ஓர் அணி வெளிர் நிறத்தில் இருக்கும். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு அணிகளும் ஒத்துக்கொண்டால் நிறத்தை மாற்றிக்கொள்ள விதியில் இடம் உண்டே என்று ஓர் அலுவலர் எனக்கு நினைவூட்டினார். உண்மைதான். ஆனால் மாற்றிக்கொண்டால் அந்த வெள்ளை ஷார்ட்ஸ் எதிரணிப் பெண்களுக்குத்தானே போகிறது? என் பெண்ணின் பயத்தை இன்னொரு நாட்டுப் பெண்ணின் தலையில் கட்ட நான் கேட்கவில்லை. உள்ளே நீள டைட்ஸ் போடலாம் என்றும் சொன்னார்கள். அணியில் ஒருத்தி மட்டும் அன்றைக்கு டைட்ஸோடு வந்தால் ஏன் என்று அரங்கமே ஊகித்துவிடும். நாப்கினையும் டேம்பானையும் பற்றி எனக்கு அறிவுரை சொன்னவர்களும் உண்டு. முழு வேகத்தில் ஓடி, குதித்து, விழுந்து எழுகிற ஆட்டத்தில் எதுவும் நூற்றுக்கு நூறு காப்பாற்றாது என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். கசிவதை நிறுத்தச் சொல்லி நான் உங்களைக் கேட்கவில்லை, கசிந்தால் தெரியாத துணியைத்தான் கேட்கிறேன்.

நடுவருக்கும் பார்வையாளருக்கும் இரண்டு அணிகளையும் பிரித்துக் காட்டுவது ஜெர்சி. இரண்டு அணிகளின் ஷார்ட்ஸும் ஒரே நிறமாக இருந்தால் குழப்பம் வரும் என்பது வாதத்துக்குக்கூட நிற்காது. ஷார்ட்ஸ் ஜெர்சியின் நிறத்திலேயே இருக்க வேண்டிய அவசியமில்லை என்று கூடைப்பந்தின் பழைய விதிப்புத்தகங்களிலேயே இருந்தது. அப்படி ஆடிய காலத்தில் யாரும் தவறான ஆளுக்குப் பந்தைக் கொடுத்துவிடவில்லை. ஆக, நான் கேட்பது புதுமைகூட இல்லை.

மற்ற விளையாட்டுகளில் இது நடந்து முடிந்துவிட்டது. வெள்ளை உடையில் விட்டுக்கொடுக்காத விம்பிள்டன்கூட 2023 முதல் பெண்கள் வெள்ளைப் பாவாடைக்குள் அடர் நிற உள் ஷார்ட்ஸ் போட அனுமதித்தது. அதே ஆண்டில் இங்கிலாந்து மகளிர் கால்பந்து அணி வெள்ளை ஷார்ட்ஸை விட்டு நீலத்துக்கு வந்தது. நியூசிலாந்து மகளிர் கால்பந்து அணியும், அயர்லாந்து மகளிர் ரக்பி அணியும் மாறின. அவர்கள் எல்லோரும் வளர்ந்த பெண்கள். தங்களுக்கு வேண்டியதை நிமிர்ந்து நின்று கேட்கத் தெரிந்தவர்கள், கேட்டால் காதில் வாங்கிக்கொள்ள ஊடகம் இருந்தது. எங்கள் பெண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பல அணிகளில் கோச் ஆண், உதவிக் கோச் ஆண், மருத்துவரும் ஆண். "சார், எனக்கு இன்றைக்கு..." என்று ஆரம்பிக்கவே அவர்களுக்கு நாக்கு எழாது. அவர்கள் கேட்கவில்லை என்பதால் தேவையில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

விதியை மாற்றுவது கடினம் என்று சொல்வீர்கள். 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் கத்தார் பெண்கள் தலைத்துணியைக் கழற்ற மறுத்து, ஆடாமலேயே மங்கோலியாவிடம் ஆட்டத்தை இழந்தார்கள். 2017 மே மாதம் ஹாங்காங்கில் கூடிய ஃபிபா (உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம்) மாநாடு, தலைத்துணியைத் தடுத்த அந்த விதியை மாற்றியது, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கும் வந்தது. மாற்ற முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் நடுவில் போன அந்த மூன்று ஆண்டுகளில் ஆட வேண்டிய வயதைத் தாண்டிவிட்ட பெண்களுக்கு யார் பதில் சொல்வது? இளையோர் போட்டியில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. 17 வயதுப் போட்டி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. இந்த முறை விட்டால் அடுத்த முறை அந்தப் பெண்ணுக்கு வயது தாண்டியிருக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்டங்கள் எல்லாம் இணையத்தில் நேரலையாகப் போகின்றன, புகைப்படங்கள் அன்றைக்கே வலையேறுகின்றன. பெண்கள் விளையாட்டை உலகம் பார்க்கட்டும் என்று நீங்கள் செய்வது நல்ல காரியம், அதற்கு நன்றியும் உண்டு. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையின் ஷார்ட்ஸில் இருக்கிற கறை, நிறுத்தி நிறுத்திப் பார்க்கக்கூடிய காணொளியாக எப்போதும் கிடக்கும் என்பதை யாராவது யோசித்தீர்களா? எங்கள் ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு படமாகப் பார்த்து, எதை நீக்கச் சொல்ல வேண்டும் என்று நானும் இன்னொரு பெண்ணும் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். அப்புறம் உடைமாற்றும் அறைகள். அரங்கின் மறுகோடியில் கழிப்பறை, குப்பைத்தொட்டி இல்லை, இரண்டு குவாட்டருக்கு நடுவே இருக்கும் இடைவேளையோ இரண்டு நிமிடம். ஸ்பான்சர் பலகை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று அளந்து எழுதுகிறவர்கள், பெண்கள் போட்டி நடக்கும் அரங்கில் நாப்கின் எங்கே கிடைக்கும் என்று ஒரு வரி எழுதக் கூடாதா? ஆண்கள் போட்டிக்கான ஏற்பாட்டு நூலை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி எங்களுக்குக் கொடுத்ததைப் போலத்தான் எனக்குப் படுகிறது. இதை எழுதும்போது கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். அரங்கம், கழிப்பறை எல்லாவற்றையும் ஒரே நாளில் சீராக்க முடியாது என்பது தெரியும். ஷார்ட்ஸ் அப்படியில்லை. இதற்குப் பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம். ஒவ்வோர் அணியும் எப்படியும் அடர் நிறத்தில் ஒரு ஜோடி கொண்டுவருகிறது. வெள்ளை ஜெர்சிக்கும் அதையே போட்டுக்கொள்ளலாம் என்றால் செலவு குறையத்தான் செய்யும். அணிகளுக்கு அனுப்பும் சுற்றறிக்கையில் ஒரு வாக்கியம் போதும். யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம், வெள்ளையே வேண்டும் என்கிற அணி வெள்ளையே போடட்டும். மருத்துவச் சான்று, முன் அனுமதி, தனிக் கடிதம் என்று எதையும் சேர்த்துவிடாதீர்கள். அனுமதி கேட்க வைத்தால் அந்தப் பெண் அதையும் கேட்க மாட்டாள். முழு அணிக்கும் பொதுவான உரிமையாக எழுதுங்கள்.

அடுத்த போட்டிக்கான அணி உடைகளைத் தைக்கக் கொடுப்பதற்கு முன்பே இந்த முடிவை அறிவித்துவிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வெளிர் நிற ஜெர்சியோடு அடர் நிற ஷார்ட்ஸை அனுமதியுங்கள். முடியாது என்றால், அந்தக் காரணத்தையாவது எழுத்தில் தாருங்கள். அதை எங்கள் பெண்களுக்கு நான் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
மதிப்புடன்,
ஓர் அணி மேலாளர்