வீட்டை விற்கவில்லை, அண்ணா

அண்ணா,

ஜப்பானில் நாம் சேர்ந்து வாங்கிய மலைவீட்டை விலைக்குக் கேட்டு வந்தவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். பாதி வீடு உன் பெயரில் இருக்கிறது, நீ எப்படி முடிவெடுக்கலாம் என்பாய். முழு வீட்டையும் விற்கத்தான் இரண்டு கையெழுத்து வேண்டும். விற்காமல் இருக்க ஒருவன் மறுத்தால் போதும்.

போனில் பேசினால் இரண்டு பேருமே பாதியில் வைத்துவிடுகிறோம், அதனால் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் படிப்பார்கள் என்று தெரியும். மருத்துவமனையில் நடந்ததையும், அண்ணி என்னிடம் சொன்னதையும் எழுதப்போவதில்லை. பணக்கணக்கும் இங்கே வேண்டாம்.

ஜப்பானில் சுமார் 90 லட்சம் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன, 2023 கணக்கெடுப்பே சொல்கிறது, நாகானோ மலையில் இன்னொன்றைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். இன்னொன்றில் அந்த வடமேற்குத் தூண் இருக்காது.

அந்தத் தூணைத் தூக்கிய நாளை நீ எப்படி நினைவில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஒவ்வொரு சத்தமும் கேட்கிறது. தரைப் பலகையைப் பெயர்த்ததும் தூணின் அடி கையோடு உதிர்ந்து வந்தது. எத்தனை வருட ஈரமோ. அஸ்திவாரம் என்று ஒன்றும் கிடையாது. தூண் ஒரு கல்லின் மேல் நிற்கிறது, அவ்வளவுதான். கல்லின் மேடு பள்ளத்துக்குப் பொருந்துகிற மாதிரி மரத்தின் அடியைச் செதுக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். ஆணி இல்லை, போல்ட் இல்லை. நீ வயிற்றால் ஊர்ந்து உள்ளே போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது வீடு இல்லைடா, மேஜை" என்றாய்.

உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து ஒரு ஜாக்கி உன்னிடம், ஒன்று என்னிடம். தச்சர் கை காட்டினால் ஜாக்கியைக் கால் சுற்று திருப்பு. நிறுத்து. காது கொடுத்துக் கேள். மறுபடி கால் சுற்று. அவசரப்பட்டால் மண்சுவர் வெடித்துவிடும் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். மேலே தகரத்துக்கு அடியில் மூடிக்கிடந்த பழைய புல்கூரையிலிருந்து கரி கொட்டிக்கொண்டே இருந்தது. தூண் கல்லை விட்டு ஒரு விரல் எழும்பியபோது உள்ளறையில் ஏதோ தளர்கிற சத்தம். நாம் வாங்கிய நாளிலிருந்து அசையாத இழுப்புக் கதவு அது. நீ ஓடிப்போய் ஒற்றை விரலால் இழுத்தாய். வழுக்கிக்கொண்டு போனது. மூடினாய், திறந்தாய், மறுபடி மூடினாய். முகமெல்லாம் கரி. நீ அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

சாயங்காலம் தச்சர் அழுகிய அடியை அறுத்து எடுத்துவிட்டார். புது செஸ்நட் மரத்தை இனிமேல்தான் வெட்டிக் கோக்க வேண்டும். தூண் அந்தரத்தில் நின்றது. அன்று இரவுதான் அப்பாவைப் பற்றிய போன்.

யார் ஊருக்குப் போவது என்று நாம் பேசவே இல்லை. விடிவதற்குள் நீ பெட்டியைக் கட்டிவிட்டாய்.

தச்சர் தனியாகவே பார்த்துக்கொண்டிருப்பார், தம்பி வந்திருக்கலாம் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாய். முடியாது, அண்ணா. பழைய மரத்தையும் புது மரத்தையும் பல்லுக்குப் பல் கோத்து ஆப்பு அடிக்க வேண்டும். அதற்கு ஒருவர் அடியில், ஒருவர் ஜாக்கியில். பனி விழ அதிக நாளில்லை. கூரையில் பனி ஏறுவதற்குள் தூண் கல்லில் இறங்கியாக வேண்டும். இறக்கினேன். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

இறங்கிய பிறகும் வராததற்குக் கேட்கிறேன். விசா புதுப்பிப்பு நிலுவையில் இருக்கிறது என்று சொன்னது பொய்யில்லை. இங்கே யாரும் வீடு வாங்கலாம், ஆனால் வீடு இருப்பதால் விசா கிடைத்துவிடாது. ஆனாலும் அது மட்டுமே காரணம் இல்லை. மீதியை உன்னிடம் நேரில் சொல்கிறேன்.

நீ ஒருவனே எல்லாவற்றையும் சுமந்ததாகப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. நான் டோக்கியோவில் நன்றாகத்தான் இருந்தேன். மலைக்குக் கூட்டிவந்தது நீ. வீடு வீடாகச் சுற்றி வரும் அறிவிப்புப் பலகையைப் படிக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் நின்றது நான். வசந்தத்தில் வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஒரு ஆள் போக வேண்டும். நம் வீட்டு ஆள் நான். இரவில் குழாயில் இருக்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உறைந்து வெடித்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க "எப்படிடா இருக்கே" என்று ஒரு வரி நீ அனுப்பவில்லை.

உன் முதுகு இப்போது எப்படி இருக்கிறது? அப்பாவைத் தினமும் தூக்கி உட்கார வைத்து வந்த வலி அது. நான் தூக்கியிருக்க வேண்டிய பாரத்தில் பாதி அதில் இருக்கிறது. பெல்ட் போட்டுக்கொள்கிறாயா?

நீ அனுப்பிய தாள் வந்தது. உன் பாதியைச் சும்மாவே என் பெயருக்கு மாற்றிக்கொள் என்று எழுதியிருக்கிறாய். வருடத்தில் 11 லட்சம் யென்னுக்கு மேல் தானமாக வாங்கினால் வாங்குபவனுக்கு இங்கே வரி உண்டு. நம் வீட்டில் பாதி அந்த மதிப்புக்கு வராது, அதனால் வரிக்குப் பயந்து மறுக்கிறேன் என்று நினைக்காதே. பத்திர எழுத்தர்கூட ஒரே பெயரில் இருப்பதுதான் நல்லது என்கிறார். இந்த மலையிலேயே தாத்தா பெயரில் பதிவு அப்படியே கிடக்க, பேரன்கள் எங்கெங்கோ இருக்க, யாரும் தொட முடியாமல் வீடுகள் சரிந்து கிடக்கின்றன. 2024 ஏப்ரல் முதல் வாரிசுப் பதிவு கட்டாயம். மூன்று வருடத்துக்குள் பதியாவிட்டால் 1 லட்சம் யென் வரை அபராதம். அவர் சொல்வது நியாயம்தான். இருந்தாலும் உன் பெயரை நான் எடுக்க மாட்டேன். அந்தக் கதவை முதலில் திறந்தவன் நீ.

மேற்குச் சுவர் இன்னும் பாக்கி. ஜாக்கி ஏற்றியபோது உதிர்ந்த மண்ணைச் சாக்கில் கட்டி வைத்திருந்தேன். போன மாதம் வைக்கோல் வெட்டிப் போட்டுத் தண்ணீர் விட்டு ஊற வைத்துவிட்டேன். குளிர்காலம் முழுக்க ஊறி வைக்கோல் மக்கினால் அதே மண் மறுபடி சுவருக்கு ஆகும். மூங்கில் வரிச்சு கட்ட உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் வேண்டும். மே மாதம் தொடங்கலாம் என்று தச்சர் சொல்கிறார். டிக்கெட் நான் போடுகிறேன். நீ எதையும் தூக்க வேண்டாம், உள்பக்கம் உட்கார்ந்து கயிறு வாங்கிக் கட்டினால் போதும்.

வர மாட்டாய் என்றால் அதையும் என்னிடமே சொல், அத்தை மூலமாகச் சொல்லி அனுப்பாதே.