இ-பாஸ் மட்டும் போதுமா? கோத்தகிரியில இருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளியூர் வண்டி நீலகிரி மலை ஏறணும்னா ஆன்லைன்ல வாங்க வேண்டிய இ-பாஸ் பத்தி உங்க பேப்பர்ல வர்ற செய்திய எல்லாம் விடாம படிக்கிறேன். ரெண்டே ரெண்டு குரல்தான் அதுல கேக்குது. இ-பாஸ எடுங்கன்னு கடையடைப்பு பண்ற வியாபாரிங்க ஒரு பக்கம், வண்டிய இன்னும் குறைங்கன்னு சொல்றவங்க இன்னொரு பக்கம். நான் கோத்தகிரி பக்கத்துல ஒரு கிராமம், வீட்டுக்காரர் டாக்சி ஓட்டுறார். சீசன் நல்லா இருந்தாதான் எங்க வீட்ல ஜூன் மாசம் ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியும், அதே சீசன்லதான் எங்க தெருக்குழாய்ல தண்ணி வராது, அதனால ரெண்டு கட்சில எதுலயும் என்னால சேர முடியல. ரெண்டு பேருமே கேட்ல எத்தன வண்டி விடணும்ங்கறதோட பேச்ச நிறுத்திக்கறாங்க, வந்த வண்டி மலைல என்ன பண்ணுது, எங்க தங்குது, யார்கிட்ட காசு குடுக்குது, எதைப் போட்டுட்டுப் போகுதுங்கறத யாரும் பேசறதில்ல. டூரிசம் பிளானிங்னா அதுதானே சார்.

மொதல்ல கோர்ட்டுக்கு நன்றி சொல்லணும், அவங்க தலையிடலேன்னா இந்தப் பேச்சே வந்திருக்காது. சீசன்ல ஒரு நாளைக்கு சுமார் 20,000 வண்டி மலை ஏறுதுன்னு கணக்கு வந்தப்ப, அதுல பாதிக்கு மேல கார்தான்னு தெரிஞ்சப்ப, ஹைகோர்ட் 2024 மே 7ல இருந்து ஊட்டி, கொடைக்கானல் ரெண்டுக்கும் இ-பாஸ் வேணும்னு சொல்லுச்சு. மொத வருஷம் கேட்டவங்களுக்கெல்லாம் பாஸ் கெடச்சுது, அப்புறம் 2025 ஏப்ரல்லதான் நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டின்னு வரம்பு வந்துச்சு. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. எங்கள மாதிரி டிஎன் 43ன்னு நீலகிரி நம்பர் போட்ட வண்டிக்கு பாஸ் வேணாம், கவர்மெண்ட் பஸ்ஸுக்கு வேணாம், காய்கறி லாரிக்கும் வேணாம். இந்த மலை எவ்வளவு தாங்கும்னு ஐஐடி மெட்ராஸையும் ஐஐஎம் பெங்களூரையும் ஆய்வு பண்ணச் சொன்னதும் கோர்ட்தான். இதெல்லாம் ஆட்சில இருக்கறவங்க தானா செஞ்சிருக்க வேண்டிய வேலை, அது வேற கதை.

ஆனா 8,000 வண்டிங்கறது ஒரு நம்பர் மட்டும்தான். நாலு பேர் வந்து மூணு நாள் தங்கி, லோக்கல் டாக்சி எடுத்து, இங்க உள்ள மெஸ்ல சாப்பிட்டு, டீத்தூள் தேன்னு வாங்கிட்டுப் போற காரும் ஒரு வண்டிதான். காலைல ஏறி சாயங்காலம் எறங்குற, பத்து பைசா செலவு பண்ணாத காரும் ஒரு வண்டிதான். கேட்ல ரெண்டுக்கும் ஒரே கணக்கு.

ரெண்டாவது வகைய நான் வாராவாரம் பாக்கறேன். சீசன்ல மேட்டுப்பாளையத்துல இருந்து ஏர்றது குன்னூர் வழி, எறங்குறது கோத்தகிரி வழின்னு ஒன்வே பண்ணிடுவாங்க, அதனால ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மொத்த ஊட்டியும் எங்க வாசல் வழியாத்தான் எறங்கும். டீத்தோட்டத்து ஓரமா கொஞ்சம் எடம் கெடச்சா போதும், வேன நிறுத்தி, சிலிண்டர எறக்கி, அடுப்பு பத்தவெச்சு, வீட்லருந்து கொண்டாந்த அண்டால பிரியாணி கிண்டுறாங்க. சாப்பிடறது தப்புன்னு சொல்லல, குடும்பத்தோட வந்து நாலு எடம் பாக்கணும்னு யாருக்குத்தான் ஆசை இருக்காது, அதுவும் மே மாச வெயில்ல. ஆனா சாப்ட்டு முடிச்சதும் எலும்பு, பாக்குமட்டை தட்டு, கப்பு எல்லாம் அப்படியே தோட்டத்துக்குள்ள போகுது. மறுநாள் காலைல இலை பறிக்கப் போற பொம்பளைங்கதான் அதப் பொறுக்கணும். ராத்திரி அந்த வாசனைக்கு கரடி வரும், கரடி ஒரு தடவ ருசி பாத்துருச்சுன்னா அப்புறம் பேக்கரி கதவ ஒடைக்கும், எங்க ஊர்ல இது ஒண்ணும் அதிசயம் இல்ல. அப்புறம் கூண்டு வெச்சு புடிச்சுட்டுப் போய் வேற காட்டுல விடுவாங்க, தண்டனை கரடிக்கு மட்டும்தான்.

"பொறுப்பான சுற்றுலா"ன்னு கலர் கலரா போர்டு வெச்சிருக்காங்க. குப்பை போடாதீங்கன்னு தமிழ், இங்கிலீஷ், மலையாளம், கன்னடம்னு எல்லாத்துலயும் எழுதிருக்கு. போர்டப் பாத்து யாரும் திருந்தல. ஆனா இதே மாவட்டத்துல ஒரு விஷயம் நடந்து நம்ம கண்ணு முன்னாடியே ஜெயிச்சுது, அத யாரும் டூரிசம் கணக்குல சேக்கறதில்ல. டாஸ்மாக் காலி பாட்டில் திட்டத்தத்தான் சொல்றேன். 2022 மே மாசம் கோர்ட் சொல்லி மொதமொதல்ல நீலகிரிலதான் ஆரம்பிச்சாங்க, பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கிட்டு, காலி பாட்டில திருப்பிக் குடுத்தா அந்த 10 ரூபாவ திருப்பிக் குடுக்கறது. அதுக்கு முன்னாடி தோட்டத்துல செருப்பு இல்லாம கால் வைக்க முடியாது சார், ஒடஞ்ச கண்ணாடி கால்ல குத்தி எங்க தெருவுல தையல் போடாத வீடு இல்ல, யானை, காட்டெருமை காலுக்கும் அதே கதிதான். இப்ப பாட்டிலக் காணோம். குடிக்கறவன் திடீர்னு சுற்றுச்சூழல் ஆர்வலரா மாறிட்டானா? இல்ல. அவன் போட்டாலும் 10 ரூபாய்க்காக இன்னொருத்தர் எடுத்துட்டுப் போயிடறார். பொறுப்பு உபதேசத்துல வரல, ஏற்பாட்டுல வந்துச்சு.

இந்தப் புத்தி தண்ணி பாட்டிலுக்கு ஏன் வரல? அஞ்சு லிட்டருக்குக் கீழ பிளாஸ்டிக் பாட்டிலே கூடாதுன்னு நீலகிரில 2019ல இருந்து தடை. நல்ல தடைதான், அதுக்குப் பதிலா வாட்டர் ஏடிஎம் வெச்சாங்க. எங்க பக்கத்துல உள்ள ஒண்ணுல காசு போட்டா காசு மட்டும் உள்ள போகுது, தண்ணி வர்றதில்ல, சொன்னா சரி பண்றோம்னு சொல்றாங்க. தாகம் எடுத்தவன் என்ன பண்ணுவான், கீழருந்தே பாட்டில ஒளிச்சு எடுத்துட்டு வருவான். செக்போஸ்ட்ல சீட்டுக்கு அடியில தேடிட்டு நிக்கிறாங்க, பின்னாடி ஒரு கிலோமீட்டருக்கு வண்டி நிக்குது. தடை போடறதுக்கு ஒரு உத்தரவு போதும், மெஷின வருஷம் பூரா ஓட்டறதுக்குத்தான் ஆளும் பணமும் வேணும், அங்கதான் எல்லாரும் கைய விட்டுடறாங்க.

இ-பாஸ் ஃபார்ம்ல எத்தன பேரு, எந்தத் தேதி வர்றீங்க, எப்பப் போறீங்க, எங்க தங்குறீங்கன்னு எல்லாம் கேக்கறாங்க. அதாவது அடுத்த சனிக்கிழமை எத்தன பேர் மலைல தூங்கப் போறாங்க, எந்தப் பக்கம் தூங்கப் போறாங்கன்னு அரசாங்கத்துக்கு முன்னாடியே ஓரளவு தெரியும். இப்படி ஒரு கணக்கு இந்தியால எத்தன ஊருக்குக் கெடைக்கும் சொல்லுங்க. அத வெச்சு அந்த வாரம் எத்தன தண்ணி லாரி, எத்தன குப்பை வண்டி, எத்தன பஸ்னு முடிவு பண்ணலாமே? எங்க ஊராட்சில கேட்டா அப்படி எந்த லிஸ்டும் எங்களுக்கு வர்றதில்லன்னு சொல்றாங்க. சீசன்லயும் அதே குப்பை வண்டிதான், அதே ஆளுங்கதான். அப்ப எதுக்கு சார் ஃபார்ம்ல கேக்கறீங்க?

எங்க தங்குறீங்கங்கற கேள்விலயே இன்னொரு விஷயம் இருக்கு. லைசென்ஸ் இல்லாத காட்டேஜ் இங்க எத்தன இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். வீடுன்னு பிளான் வாங்கிட்டு எட்டு ரூம் கட்டி ஆன்லைன்ல விடறாங்க, ஓனர் வெளியூர்ல இருப்பார், இங்க ஒரு வாட்ச்மேன் மட்டும். எங்க கிராமத்துக்கு மேல ஒண்ணு அப்படித்தான் வந்துச்சு, போர்வெல் போட்டாங்க, அடுத்த கோடைல எங்க கிணத்துல தண்ணி கீழ போயிடுச்சு. தங்குற எடத்தோட பதிவு நம்பர் போட்டாத்தான் இ-பாஸ் கெடைக்கும்னு ஒரு வரி சேத்தா இதுல பாதி தானா வெளிய வந்துடும். இல்லேன்னா மசினகுடி பக்கம் நடந்த கதைதான், யானை போற வழில ரிசார்ட் கட்டற வரைக்கும் பாத்துட்டு இருந்துட்டு, அப்புறம் 2011ல ஹைகோர்ட் தீர்ப்பு, 2018ல சீல், 2020ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புன்னு அலைஞ்சு, அங்க வேலை பாத்த ஆளுங்க நடுத்தெருவுல நின்னாங்க. கட்டறதுக்கு முன்னாடி சொல்லிருந்தா யாருக்கும் நஷ்டம் இல்ல.

கேரளாவப் பாத்துக் கத்துக்கன்னு சொன்னா நம்மாளுங்களுக்குக் கோவம் வரும், இருந்தாலும் சொல்றேன். அங்க பொறுப்பு சுற்றுலான்னு டூரிசம் டிபார்ட்மெண்டே 2008 வாக்குல குமரகம், தேக்கடி, வயநாடு, கோவளம்னு நாலு எடத்துல ஆரம்பிச்சாங்க. குமரகத்துல நல்லா ஓடுச்சு. காரணம் ரொம்ப சிம்பிள், ரிசார்ட்டுக்குத் தேவையான காய்கறி, மீன், தேங்காய உள்ளூர் குடும்பஸ்ரீ மகளிர் குழு பொம்பளைங்ககிட்ட வாங்கணும்னு பேசி, என்ன வெலைன்னு பஞ்சாயத்தோட உக்காந்து முடிவு பண்ணாங்க. டூரிஸ்ட் வந்தா ஊர்க்காரிக்கு காசு வருது, அதனால ஊர சுத்தமா வெக்கணும்னு அவளுக்கே தோணுது. இங்க என்னடான்னா கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் நம்ம வெளைய வெச்சு மேட்டுப்பாளையம் மண்டிக்கு எறக்கறோம், இங்க உள்ள பெரிய ஓட்டலுக்கு அதே காய் மண்டில இருந்து திரும்பி மலை ஏறுது! டீசல் செலவு ரெண்டு தடவ. கோத்தகிரில மே மாசம் காய்கறி கண்காட்சின்னு கேரட்ல யானையும் மயிலும் செஞ்சு வெக்கறாங்க, அழகாத்தான் இருக்கு, ஆனா வெளைவிச்சவனுக்கு அதுல என்ன வந்துச்சுன்னு கேட்டா பதில் இல்ல.

பஸ் விஷயத்தையும் சொல்லிடறேன், வீட்டுக்காரர் படிச்சா திட்டுவார், பரவால்ல. ஒரு பஸ்ல அம்பது பேர் ஏறலாம், அந்த அம்பது பேரும் கார்ல வந்தா பன்னெண்டு பதிமூணு கார். பஸ்ஸுக்கு இ-பாஸும் வேணாம். அப்ப மேட்டுப்பாளையத்துல ஒரு பெரிய பார்க்கிங் போட்டு, அங்கருந்து அரைமணிக்கு ஒரு நல்ல பஸ் விட்டா பாதிப் பேர் கார கீழயே விட்டுட்டு வருவாங்க. டாக்சிக்காரங்களுக்கு அதுல நஷ்டமே இல்ல, மேல வந்தவங்க சுத்திப் பாக்க உள்ளூர் வண்டிதானே எடுக்கணும். இப்ப சொந்தக் கார்ல வர்றவங்க கூகுள் மேப்பப் போட்டுட்டு அவங்களே சுத்திட்டு, தெரியாத வளைவுல செகண்ட் கியர் போடாம பிரேக்லயே எறங்கி, பிரேக் சூடாகி புகை வந்து நடுரோட்ல நிக்கறாங்க. அந்த நேரத்துல ஒரு ஆம்புலன்ஸ் கோயம்புத்தூருக்கு எறங்கணும்னா என்ன ஆகும்? இது எங்களுக்கு வெறும் கற்பனை இல்ல.

பலாப்பழ சீசன் வேற. மே, ஜூன்ல குன்னூர் ரோட்ல பர்லியார், கல்லாறு பக்கம் பழம் பழுக்கறப்ப யானை கூட்டம் ரோட்டக் கடந்து வரும். நம்ம டூரிஸ்ட் சீசனும் அப்பத்தான். குட்டியோட நிக்கிற யானைய ஜன்னலத் தொறந்து செல்ஃபி எடுக்கறவங்களப் பாத்தா வயிறு கலங்குது. அந்த மாசத்துல சாயங்காலத்துக்கு மேல கொஞ்ச நேரம் ரோட்ட அமைதியா விட முடியாதா? மைசூர் ரோட்ல இருக்கற கர்நாடகா பந்திப்பூர் காட்டுல 2009ல இருந்து ராத்திரி 9 மணிக்கு மேல கேட்ட மூடறாங்க, அதுக்காக ஊட்டிக்கும் மைசூருக்கும் போக்குவரத்தே நின்னு போயிடல.

மழைய நெனச்சா இன்னொரு பயம். 2009 நவம்பர்ல இந்த மாவட்டத்துல மண் சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல போனாங்க, 2024 ஜூலைல பக்கத்துல வயநாட்ல என்ன நடந்துச்சுன்னு உலகமே பாத்துச்சு. இதுக்கப்புறமும் சரிவுல ஜேசிபி வெச்சு மண்ண வெட்டி காட்டேஜ் கட்டி "வேலி வியூ" (valley view)ன்னு பேர் வெக்கறாங்க.

ஐஐடி, ஐஐஎம் ஆய்வு கோர்ட் ஃபைல்லயும் இங்கிலீஷ்லயும் மட்டும் இருந்தா எங்களுக்கு எதுவும் புரியாது. அத தமிழ்ல சுருக்கி, கூடவே இ-பாஸ்ல எந்த வாரம் எத்தன பேர் எந்தப் பக்கம் தங்குனாங்கங்கற கணக்கையும் சேத்து, நீலகிரில இருக்கற 35 ஊராட்சிக்கும் அனுப்பணும். மே 1ஆம் தேதி கிராம சபை எப்படியும் கூடும், சீசன் நடுவுலதான். அதுல வெச்சு எங்க ஊருக்கு எத்தன பேர் வந்தா தண்ணி தாங்கும், எத்தன குப்பை வண்டி வேணும்னு நாங்களே தீர்மானம் போடறோம், கலெக்டர் ஆபீஸ் அத வாங்கி சீசன் ஏற்பாட்டுல சேக்கட்டும். இந்தக் கோரிக்கைய உங்க பேப்பர் கொஞ்சம் அழுத்திக் கேட்டா உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.