கிணறு வெட்டிய அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வளவில் கிணறு வெட்டிய அன்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "ஏன் சேர், ஆத்துக்கு அங்கால பத்தடி தோண்டினாக் கல்லு இடிக்குது. இங்க மருந்துக்கும் ஒரு கல்லு இல்லையே?" தேத்தண்ணி வந்துவிட்டது என்று சொல்லித் தப்பிவிட்டேன். முப்பது வருஷம் புவியியல் படிப்பித்தவனுக்கு அது வெட்கம்தான். இப்போது எழுதுகிறேன், மகளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் 'ஆத்துக்கு அங்கால' என்ற, வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் உங்கள் அலவாங்கை மடக்குகிற அந்தக் கல் ஏறத்தாழ நூறு கோடி வருஷம் பழையது. விஜயன் தொகுதி என்று அதற்குப் பெயர். மலைநாட்டுப் பாறை வேறு கூட்டம். சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன் இரண்டும் மோதி ஒட்டிக்கொண்டன. அப்போது இலங்கை தீவே இல்லை. இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாவற்றோடும் சேர்ந்த ஒரு பெரிய நிலத்தின் மூலை. அந்த ஒட்டுக்குக் கிட்டத்தான் மகாஓயா வெந்நீர் ஊற்று இருக்கிறது. எரிமலை ஒன்றும் இல்லை, மழைத்தண்ணீர் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, வெடிப்பு வழியாக மேலே வருகிறது.

நாம் இன்று மிதிக்கிற பாறை ஒரு காலம் பல கிலோமீற்றர் ஆழத்தில் வெந்துகொண்டிருந்தது. மேலே இருந்ததையெல்லாம் மழையும் ஆறும் அரித்துக்கொண்டு போய்விட்டன. குடும்பிமலை மாதிரி அரிக்க முடியாத முரட்டுப் பாறைகள் மட்டும் தனியாக நிற்கின்றன.

அரித்த கல் எங்கே போனது? அதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். பாறையில் ஒரு பகுதி உக்கிக் களியாகி வயலில் படிந்தது. உக்காத படிகக்கல் மணலாகி முந்தனியாறு போன்ற ஆறுகளோடு கடலுக்கு வந்தது. களியும் மணலும் ஒரு தாய்ப் பிள்ளைகள் அண்ணன், வழியில் பிரிந்துவிட்டன.

மணலைக் கரையாக அடுக்கியது கடல். சுமார் இருபதாயிரம் வருஷத்துக்கு முன், கடல் தண்ணீரில் ஒரு பங்கு நிலத்தின் மேல் பனிக்கட்டியாக உறைந்திருந்தபோது, கடல் 120 மீற்றர் கீழே கிடந்தது. பனி உருகிக் கடல் ஏறியது. ஏறத்தாழ ஏழாயிரம் வருஷத்துக்கு முன் அந்த ஏற்றம் அடங்கியது. ஆற்று வாய்களெல்லாம் முழுகின. அலை மணலைத் தள்ளித் தள்ளி முன்னுக்கு ஒரு திடல் போட்டது. திடலுக்கு உள்ளே அகப்பட்டது வாவி, திடல்தான் நாம் இருக்கிற எழுவான்கரை. அலை இன்னும் ஓயவில்லை. அது அடைத்த முகத்துவாரத்தைத்தான் மாரியில் வெள்ளம் வர நாம் வெட்டிவிடுகிறோம்.

கிணற்றுக்கும் இதுதான் கதை. நமது கிணற்றுத் தண்ணீர் முழுக்க இந்த மணலுக்குள் இறங்கிய மழை. அடியில் கடல் நீர் கிடக்கிறது, உப்பு நீர் பாரம், நல்ல நீர் அதன் மேல் மிதக்கிறது. இன்னும் இரண்டு அடி தோண்டுங்கள் என்று நான் நச்சரித்தபோது, "இதோட விடுங்க சேர், உவர் ஏறும்" என்று மண்வெட்டியை வைத்தீர்களே, அந்த விஷயத்தில் நீங்கள்தான் வாத்தியார்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நடந்ததும் ஞாபகம் இருக்கும். கிணறெல்லாம் உப்பு. மெஷின் வைத்து இறைத்து இறைத்துப் பார்த்தோம். மெல்லிய நன்னீரை வேகமாக இறைத்தால் அடியில் இருக்கிற உப்பு இன்னும் மேலே ஏறும் என்று யாருக்கு அப்போது தோன்றியது? கடைசியில் மாரி மழைதான் கழுவித் தந்தது.

சரி, ஒரு உதவி. அடுத்த முறை கொக்கட்டிச்சோலைப் பக்கம் கல் உடைத்தால் கையளவு துண்டு ஒன்று எடுத்து வையுங்கள். வெள்ளையும் கறுப்புமாகக் கோடு ஓடியிருக்க வேண்டும். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், மண்முனைப் பாலத்தால் நானே வந்து எடுக்கிறேன்.

அன்புடன்,
கல்லடிச் சேர்